மலைக்கே கேட்ட ஆங்கிலப் பரீட்சை

கள்வராயன் மலைக்கு ஆங்கிலத்தை ஏற்றிக்கொண்டு போனவன் நான். குட்டியானை வண்டியின் பின்னால் இரண்டு குழாய் ஒலிபெருக்கி, ஒரு ஆம்பிளிபயர், ஒரு ஜெனரேட்டர், அடுக்கி வைத்த பிளாஸ்டிக் நாற்காலிகள். ஆங்கிலம் என் சட்டைப் பையில் ஒரு பென் டிரைவுக்குள் இருந்தது. முன் இருக்கையில் அதற்குப் பாதுகாவலராகச் சென்னையிலிருந்து வந்த ஒரு சார்.

எனக்கும் படிப்புக்கும் ஒன்பதாம் வகுப்போடு கணக்கு முடிந்துவிட்டது. அதற்குப் பிறகு கரும்பு வெட்டினேன், குடகில் மிளகு பறித்தேன், பெங்களூரில் சென்ட்ரிங் பலகை தூக்கினேன், கோவாவில் ஓர் ஓட்டலில் தட்டுக் கழுவினேன். எந்த ஊரிலும் இரண்டு தீபாவளி சேர்ந்தாற்போல் பார்த்ததில்லை. கால் அரிக்கும், கிளம்பிவிடுவேன். அப்படிச் சுற்றித் திரும்பியபோது கள்ளக்குறிச்சியில் ஒரு பாயின் சவுண்டு சர்வீஸ் கடையில் வேலை கிடைத்தது. தங்குவதற்குக் கருணாபுரத்தில் ஓர் அறை. விஷச் சாராயத்தில் ஆட்கள் செத்துப்போன தெரு என்பதால் வாடகை கம்மி. ஊரே முகத்தைத் திருப்பிக்கொண்ட இடத்தில் எனக்கு மட்டும் ஜன்னல் வைத்த அறை கிடைத்தது.

பாய் கடையில் கல்யாணம், கருமாதி, கட்சிக் கூட்டம் மூன்றுக்கும் ஒரே செட்டுதான் போகும். பரீட்சைக்குப் போனதில்லை. அதனால் கேட்டேன்.

"இன்னா பாய், பரீட்சைக்கு எதுக்கு ரேடியோ செட்டு?"

"லிசனிங் டெஸ்ட்டாம்டா. இங்கிலீஷ்ல ஒருத்தி பேசுவா, பசங்க கேட்டுக்கினு பதில் எழுதணுமாம்."

"எழுதி?"

"எழுதி இன்னா, நமக்கின்னா? வளைகாப்புக்குப் போறோம், சாவுக்குப் போறோம், இதுக்கும் போவோம். மலைக்குப் போறே. பாக்ஸ எடுத்துக்கினு போய் அசிங்கப்படாத. கொழாவ எடு."

மலை ஆர்டர் என்றால் குழாய்தான். இது எங்கள் தொழிலில் எல்லோருக்கும் தெரியும். அங்கே வீடுகள் தள்ளித் தள்ளி இருக்கும். பெட்டி ஒலிபெருக்கி வைத்தால் பந்தலைத் தாண்டாது. இன்னொன்றும் உண்டு. குழாயை எங்கே கட்டினாலும் அதன் வாயைப் பள்ளத்துப் பக்கம் திருப்பித்தான் கட்ட வேண்டும். எதிர்மலை ஊருக்கும் கேட்டால்தான் இந்த ஊரில் திருவிழா நடந்ததாக ஏற்றுக்கொள்வார்கள். திருப்பிக் கட்டாதவனை அடுத்த முறை கூப்பிட மாட்டார்கள்.

சார் ஓர் அறக்கட்டளையில் வேலை பார்த்தார். மலைப் பள்ளிகளில் பதினோராம் வகுப்புப் பிள்ளைகளுக்கு ஆங்கிலத்தைக் கேட்கும் திறனும் படிக்கும் திறனும் எவ்வளவு இருக்கிறது என்று அளப்பது அவர்களுடைய திட்டம். வடக்கனந்தலில் பூரி தின்னும்போது வினாத்தாள் கட்டைப் பிரித்துக் காட்டினார். ஒவ்வொரு தாளின் தலையிலும் பூச்சி ஊர்ந்தது போல ஏதோ எழுத்து அச்சாகி, மேலே பாதி வெட்டுப்பட்டிருந்தது.

"இது இன்னா சார், சைனா எழுத்தா?"

"ஆமாம்பா. சைனால ப்ளஸ் ஒன், ப்ளஸ் டூ பசங்களுக்கு வைக்கிற டெஸ்ட். அப்படியே வாங்கிட்டோம். இன்டர்நேஷனல் ஸ்டாண்டர்ட்."

"நம்ம பசங்களுக்குன்னு ஒண்ணு எழுதலாமே சார்?"

"அப்புறம் எப்படிப்பா கம்பேர் பண்றது? சைனாப் பையன் இங்க இருக்கான், நம்ம மலைப் பையன் இங்க இருக்கான்." பூரித் தட்டுக்கு மேலே ஒரு கையும் மேசைக்குக் கீழே ஒரு கையும் வைத்துக் காட்டினார். "இந்த கேப்பை ரிப்போர்ட்ல காட்டினாத்தான் ஃபண்டிங் வரும்."

அதாவது, நம் பிள்ளைகள் எவ்வளவு கீழே இருக்கிறார்களோ அவ்வளவுக்குச் சாரின் அலுவலகம் மேலே போகும். இதைப் புரிந்துகொள்ள எனக்கு ஒன்பதாம் வகுப்பே போதுமானதாக இருந்தது.

மலை ஏறியதும் சார் பேசுவதை நிறுத்தினார். வளைவுகளில் கண்ணை மூடிக்கொண்டார். ஓரிடத்தில் வண்டியை நிறுத்தச் சொல்லி, வடக்கனந்தல் பூரியைக் காட்டிலாகாவிடம் ஒப்படைத்துவிட்டு வந்தார்.

காலையில் முதல் பள்ளி கரியாலூரைத் தாண்டி, ரோட்டின் மேலேயே இருந்தது. பிள்ளைகள் வராந்தாவில் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். நான் பலாமரத்தில் ஏறிக் குழாய் இரண்டையும் கட்டினேன், வழக்கம்போல வாயைப் பள்ளத்துப் பக்கம் வைத்து. சார் கீழேயிருந்து கத்தினார்.

"கடைசி வரிசைக்கும் கேக்குமா?"

"கேக்கும் சார்."

"நல்லா லவுடா இருக்கணும்."

"அதப் பத்திக் கவலைப்படாதீங்க சார்."

பட்டனை அழுத்தினேன். ஒரு வெள்ளைக்காரப் பெண்மணி நிதானமான குரலில் பேச ஆரம்பித்தாள். சீனத்தில் ஒரு பட்டணம். ஒரு பள்ளிக்கூடத்துப் பையன் நூலகத்துக்குக் கிளம்புகிறான். பனி கொட்டுகிறது. சுரங்க ரயிலில் போகிறான். கையுறையை வீட்டில் மறந்துவிட்டான். சினேகிதி ஒருத்தி அங்கே காத்திருக்கிறாள். அவன் நேரம் கழித்துப் போகிறான். அதன்பின் அதே பெண்மணி கேள்விகளையும் படிக்கிறாள்: அவன் ஏன் தாமதமாக வந்தான்? கடிகாரம் ஓடவில்லையா, ரயில் நின்றுவிட்டதா, பனியா? கோவா ஓட்டலில் கழுவிய தட்டுகளோடு கொஞ்சம் ஆங்கிலமும் கைக்கு வந்திருந்ததால் பாதி எனக்கே விளங்கியது. வராந்தாவில் இருந்த பிள்ளைகளில் பலர் பேனாவின் மூடியைக் கடித்தபடி அந்தக் குரலின் அழகை ரசித்துக்கொண்டிருந்தார்கள்.

முதல் தடவை ஓடி முடிவதற்குள் ஆட்கள் வர ஆரம்பித்தார்கள்.

மலையில் குழாய் சத்தம் கேட்டால் மூன்றே காரணம்தான். திருவிழா, சாவு, இல்லாவிட்டால் முகாம். திருவிழாவுக்கு மாதம் வரவில்லை. யாரும் சாகவும் இல்லை. அப்படியானால் முகாம்தான்; சாதிச் சான்றிதழோ, பட்டாவோ, எதுவோ கொடுக்கிறார்கள். ஆணும் பெண்ணுமாக, குச்சிக்கிழங்குக் காட்டிலிருந்து மண் கையோடு, ரேஷன் கார்டும் ஆதாரும் போட்ட பாலிதீன் பையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வந்து, பாயின் நாற்காலிகளை அவர்களே வண்டியிலிருந்து இறக்கிப் போட்டு உட்கார்ந்தார்கள்.

"இன்னாப்பா சொல்றான் மைக்குல?"

"பொம்பளக் கொரலு. இங்கிலீஷ்ல சொல்லுது."

"இங்கிலீஷ்லியா? அப்ப கலெக்டருக்கும் மேல."

"ரோடு போடறாங்களோ இன்னமோ."

"ரோடுன்னா தமிழ்லியே சொல்லி ஏமாத்துவானுங்களே. இது வேற ஏதோ பெருசு."

இந்தப் பேச்சில் பிள்ளைகளுக்குக் குரல் கேட்கவில்லை என்று சார் மறுபடி போடச் சொன்னார். மறுபடி போட்டேன். குரல் மறுபடி வந்ததும் இன்னும் அதிகம் பேர் வந்தார்கள். சார் கூட்டத்திடம் போய், "இது உங்களுக்கு இல்லை, போங்க" என்று கையை ஆட்டினார். பேண்ட் சட்டை போட்டவர் கை ஆட்டினால் கூப்பிடுகிறார் என்று அர்த்தம். நான்கு பேர் சுற்றி வளைத்துக்கொண்டார்கள். ஒரு பெரியவர் மனுவைச் சாரின் கையில் திணித்துவிட்டுக் கும்பிட்டார். சார் அதைத் திருப்பிக் கொடுக்கத் தெரியாமல் வாங்கி வைத்துக்கொண்டார். அவர் மனு வாங்குகிறார் என்று பார்த்ததும் மற்றவர்களும் எழுந்தார்கள். அந்தக் களேபரத்தில் இரண்டாம் தடவையும் வீணாகி, மூன்றாம் தடவை போட வேண்டியதாயிற்று.

பிறகு வாசிப்புத் தாள் கொடுத்து, அதையும் எழுதி வாங்கி, மதியம் ஆவதற்குள் சார் களைத்துப்போனார். நான் மரத்திலிருந்து ஒயரைச் சுருட்டிக்கொண்டு இறங்கியபோது, கூட்டத்தில் வந்திருந்த ஒரு அம்மா நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்தாள். நான் கேட்காமலே செய்தாள்.

"மத்தியானம் எதிர்ப்பக்கத்துப் பள்ளிக்கூடத்துக்குப் போறீங்களாமே தம்பி? என்னியும் ஏத்திக்கினு போயிடுங்க. நான் அந்தப் பக்கந்தான். கொழா சத்தம் கேட்டுச்சு, சர்ட்டிபிகேட்டு குடுக்கறாங்கன்னு பள்ளம் எறங்கி ஓடியாந்தேன்."

"அங்க யாரு இருக்கறாங்க?"

"எம் பொண்ணு. பிளஸ் ஒன்னு படிக்குது. அதுவும் இந்த டெஸ்ட்டு எழுதணும்."

டெஸ்ட்டில் தேறினால் பள்ளிக்கு ஒரு பிள்ளையை அறக்கட்டளை எடுத்துக்கொள்ளும். கள்ளக்குறிச்சியில் விடுதி, சாப்பாடு, பிளஸ் டூ முடிகிறவரை படிப்பு. அதை அவள் பெண்ணின் பள்ளித் தலைமை ஆசிரியர் சொல்லியிருந்தார். அந்த அம்மா அதை ஒப்பிக்கிற மாதிரி சொன்னாள்.

"எங்க வூட்டுக்காரரு குடகுல இருக்கறாரு. தோட்ட வேலைக்கு ஆள் ஏத்திக்கினு போற மேஸ்திரி வேன் நாளைக்கு வருது. இந்த வாட்டி பொண்ணையும் கூப்டுக்கினு வந்துடுன்னு போன்ல சொல்லிட்டாரு. எடம் கெடைச்சா படிக்கட்டும். கெடைக்கலன்னா வேன்ல ஏறட்டும்."

"பொண்ணு இன்னா சொல்லுது?"

"அது இன்னா சொல்லும். ஒரே பைதான் கட்டி வெச்சிருக்கறேன். கம்பளிய வெச்சா குடகு, பொஸ்தகத்த வெச்சா கள்ளக்குறிச்சி. எத வெக்கறதுன்னு உங்க சாரு சொல்லட்டும்."

குடகு எனக்குத் தெரியும். ஆண்கள் ஏணியில் ஏறி மிளகு பறிப்பார்கள். பெண்பிள்ளைகள் கீழே உதிர்ந்ததைக் குனிந்து பொறுக்குவார்கள். அட்டை கடித்த இடத்தில் சுண்ணாம்பு தடவுவார்கள். எஸ்டேட் லைன் வீட்டில் ஒரு அறைக்கு இரண்டு குடும்பம். முதல் வருஷம் பொறுக்க வந்த பெண்பிள்ளை, அடுத்த வருஷம் கழுத்தில் மஞ்சள் கயிற்றோடு பொறுக்கும். அங்கே போய்விட்டுத் திரும்பிப் பள்ளிக்கூடத்துக்குப் போன ஒருத்தியையும் நான் பார்த்ததில்லை. சோறு நேரத்துக்குக் கிடைக்கும். அதையும் சொல்ல வேண்டும்.

அந்தப் பள்ளிக்கூடம் நேர் எதிரே தெரிந்தது. ஓட்டுக் கூரை, கொடிக்கம்பம், கொடியில் காயும் பாவாடைகூடத் தெரிந்தது. நடுவில் ஒரு பள்ளம், அவ்வளவுதான். ஆனால் ரோடு மலையின் இடுப்பையெல்லாம் சுற்றிக்கொண்டு போகும். அந்த அம்மா பள்ளம் இறங்கி ஏறி வந்துவிட்ட தூரத்தை நாங்கள் வண்டியில் போய்ச் சேர்வதற்குள் சார் இன்னொரு முறை இறங்கி வாந்தியெடுத்துவிட்டார். அவள் சத்தம் கேட்டு அங்கேயிருந்து வந்தாள் என்பதன் அர்த்தம் எனக்கும் உறைக்கவில்லை, சாருக்கும் உறைக்கவில்லை.

இரண்டாம் பள்ளியில் பிள்ளைகள் வெளியே பாறையில் வெயில் காய்ந்துகொண்டிருந்தார்கள். தலைமை ஆசிரியர் ஓடிவந்து வரவேற்றார். மலைக்கு வரும் எல்லா வண்டியையும் அவர் அப்படித்தான் வரவேற்பார் போலிருந்தது. நான் மறுபடி ஒயரை இழுத்தேன். சார் பிள்ளைகளை வகுப்பறைக்குள் வரிசையாக உட்கார வைத்துத் தாள்களைக் கொடுத்துவிட்டு, "யாரும் எழுதக்கூடாது. முதல்ல ஆடியோவைக் கேளுங்க. அப்புறம்தான் பதில்" என்று சொல்லிவிட்டு என்னைப் பார்த்தார். ஜெனரேட்டர் இரண்டு இழுப்புக்குப் பிடிக்கவில்லை. மூன்றாவது இழுப்பில் பிடித்து, நான் பட்டனுக்குப் போவதற்குள், முன் வரிசையில் ஒரு பெண் பேனாவை மூடித் தாளின் மேல் வைத்துவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டாள்.

சார் அவளிடம் போனார்.

"ஏம்மா, பேனாவை எடு. இனிமேதான் டெஸ்ட்."

"எழுதிட்டேன் சார்."

"என்னத்த எழுதின? ஆடியோ இன்னும் போடவேயில்லையே?"

"காலையில போட்டீங்களே சார்."

சார் தாளை எடுத்துத் தன் விடைத்தாளோடு ஒட்டிப் பார்த்தார். ஒவ்வொன்றாகக் கீழே இறங்கிக்கொண்டே வந்த விரல் கடைசிக் கேள்வியில் நின்றது. எல்லாம் சரி. சாரின் முகம் மலை வளைவில் வாந்தியெடுத்தபோது இருந்தது போல ஆனது.

"லீக்! பேப்பர் லீக் ஆயிருக்கு!"

"லீக்கு இல்ல சார். கேட்டுச்சு." அந்தப் பெண் எதிர்மலையைக் காட்டினாள். "மூணு வாட்டி ஓடுச்சு. மொத வாட்டி சும்மா கேட்டேன். ரெண்டாவது வாட்டி புரிஞ்சுது. மூணாவது வாட்டி கேள்விய மட்டும் கேட்டேன்."

சார் மெதுவாகத் திரும்பி என்னைப் பார்த்தார்.

"காலையில நீ எந்தப் பக்கம் திருப்பிக் கட்டின?"

"பள்ளத்துப் பக்கம் சார்."

"ஏன்யா?"

"மலையில அப்படித்தான் சார் கட்டுவோம். எதிர்ப்பக்கம் கேக்கலன்னா திட்டுவாங்க."

தலைமை ஆசிரியர் குறுக்கே வந்தார். "நான்கூட நீங்க பிராக்டீசுக்குப் போடறீங்கன்னு நெனச்சு பசங்கள வெளிய உக்கார வெச்சேன் சார். ரொம்ப நல்ல ஏற்பாடுன்னு பாராட்டிக்கினு இருந்தேன்."

"அப்ப எல்லாருமே கேட்டீங்களா?"

"எல்லாரும் கேட்டோம் சார்" என்றார்கள் பிள்ளைகள் ஒரே குரலில். பின்னாலிருந்து ஒருவன், "ஆடுங்ககூட கேட்டுச்சு சார்" என்றான்.

ஆனால் எழுதியிருந்தவள் அவள் ஒருத்திதான். மற்றவர்களின் தாள்களில் விழுந்திருந்த ஒன்றிரண்டு டிக்கும் கண்ணை மூடிக்கொண்டு போட்டவை. ஆடு ஜோக்கு அடித்த பையன் மட்டும், அவன் ஏன் தாமதமாக வந்தான் என்ற கேள்விக்குக் கொடுத்திருந்த மூன்று விடைகளையும் விட்டுவிட்டு, பக்கத்தில் தானே தமிழில் எழுதியிருந்தான்: பஸ் வரவில்லை. மலை முழுக்க மூன்று முறை கேட்டது, ஒருத்திக்குப் புரிந்தது. ஏமாற்று என்றால் எல்லோரும் ஏமாற்றியிருப்பார்களே என்று சார் யோசிக்கலாம். அவருக்கு யோசிக்க நேரமில்லை. ஏற்கெனவே சிவப்புப் பேனாவைத் திறந்துவிட்டார்.

"மால்பிராக்டிஸ். இந்த ஸ்கூல்ல லிசனிங் கேன்சல்."

வாசலில் நின்றிருந்த அந்த அம்மா இப்போது உள்ளே வந்தாள். அப்போதுதான் அந்தப் பெண் அவளுடைய மகள் என்று எனக்குத் தெரிந்தது. மூக்கு அப்படியே இருந்தது.

"சார், டெஸ்ட்டு காதுக்குத்தான?"

"ஆமாம்மா, அதுக்கு ஒரு ப்ரொசீஜர் இருக்கு."

"காது கேட்டுதா இல்லியா?"

"கேட்டுச்சு, ஆனா முன்னாடியே கேட்டுடுச்சு."

"முன்னாடியே கேக்கற காது நல்ல காதுதான சார்?"

சார் அலுவலகத்துக்குப் பேசுகிறேன் என்று போனை எடுத்தார். அந்த ஊரில் சிக்னல் கிடைப்பது பிள்ளைகள் உட்கார்ந்திருந்த பாறையின் மேல் மட்டும். சார் பாறை மேல் ஏறி நின்று, ஒரு காதைப் பொத்திக்கொண்டு, "ஹலோ, கேக்கலை, கேக்கலை, திரும்பச் சொல்லுங்க" என்று கத்தினார். அவருக்கு யாரும் மதிப்பெண் போடவில்லை.

அலுவலகம் சொன்னது: வேறு ஏதாவது ஒன்றை நேரில் படித்துக் காட்டி, அந்தப் பெண்ணுக்கு மட்டும் மறுபடி வையுங்கள். வேறு பதிவு இல்லை; வாங்கியதே ஒன்றுதான். அதனால் சாரே வாசிப்புத் தாளிலிருந்து ஒரு பகுதியை மைக்கில் படிப்பதென்று முடிவானது. நான் மைக்கை அவர் வாய் உயரத்துக்குத் தூக்கி வைத்தேன். அவர் தொண்டையைச் செருமினார். மலை அந்தச் செருமலைத் திருப்பிச் சொன்னது.

சார் வேகமாகப் படித்தார். முற்றுப்புள்ளி வந்த இடத்தில் ஓடினார், ஒன்றுமில்லாத இடத்தில் நின்றார். கடினமான வார்த்தை வரும்போது குரலைத் தாழ்த்தி அதைப் பதுங்கிக் கடந்தார். ரயிலைப் பற்றியா, பனிச்சறுக்கைப் பற்றியா என்று எனக்குப் பிடிபடவில்லை. படித்து முடித்துவிட்டுக் கேள்வி கேட்டார். அந்தப் பெண் எழுந்து நின்றாள்.

"சார், காலையில அந்தம்மா பேசினது புரிஞ்சுது. நீங்க பேசறது புரியல சார்."

பிள்ளைகள் சிரிப்பை அடக்கப் பார்த்தார்கள். ஆடுப் பையனால் முடியவில்லை. தலைமை ஆசிரியர் பிரம்பைத் தேடுவது போல் மேசைக்கு அடியில் குனிந்து, அங்கேயே கொஞ்ச நேரம் இருந்தார். அவர் தோள்கள் குலுங்கின. அவள் கேலியாகச் சொல்லவில்லை. கேட்ட கேள்விக்கு உண்மையான பதில் அது. உண்மையான பதிலுக்கு அந்தத் தாளில் கட்டம் இல்லை.

"ஆட்டிட்யூட்" என்று சார் தாளின் ஓரத்தில் எழுதினார். "ரிசல்ட் அப்புறம் சொல்லுவோம்."

நாங்கள் கிளம்பும்போது அந்த அம்மா வண்டி ஓரம் வந்தாள்.

"கம்பளியா, பொஸ்தகமா தம்பி?"

"எனக்குத் தெரியாதுங்க. நான் செட்டு கட்டறவன்."

"இல்லன்னு சொல்லலியே?"

"சொல்லல."

அவள் எதிர்மலையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். "அப்ப நான் மட்டும் போறேன். இவ இங்கியே பள்ளிக்கூடத்துல இருக்கட்டும். அமாவாச கழிச்சு இன்னொரு வேன் வரும். அதுக்குள்ள ஒண்ணும் வரலன்னா அதுல ஏறட்டும். அவங்கப்பனுக்கு நான் பதில் சொல்லிக்கறேன்."

கடைக்கு வந்து பாயிடம் சொன்னேன். பாய் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். பிறகு நிறுத்திவிட்டு, "எடம் கெடைக்குமாடா அந்தப் பொண்ணுக்கு?" என்றார். எனக்குத் தெரியவில்லை என்றேன். "கொழா எடுன்னு நான்தான சொன்னேன்" என்று முனகிக்கொண்டே ஆம்பிளிபயரைத் துடைத்தார். ஏற்கெனவே துடைத்த ஆம்பிளிபயர்தான் அது.

அமாவாசை வந்து போனது. எனக்கு வழக்கம்போலக் கால் அரிக்க ஆரம்பித்திருந்தது. நெல்லூர்ப் பக்கம் இறால் பண்ணையில் ஆள் எடுப்பதாகக் கேள்விப்பட்டு விசாரித்துக்கொண்டிருந்தேன். அப்போது ஒரு காலை சாரே கடைக்குப் போன் செய்தார். பணம் கொடுக்கிறவர்கள் கள்ளக்குறிச்சிக்கு வருகிறார்கள், கல்யாண மண்டபத்தில் விழா, செட்டு வேண்டும், பெட்டி ஒலிபெருக்கி மட்டும் போதும், குழாய் வேண்டவே வேண்டாம். கடைசியில் குரலைத் தாழ்த்திச் சொன்னாராம்: வருகிறவர்கள் முன்னால் ஆங்கிலம் கேட்டுப் பதில் சொல்ல ஒரு மலைப்பிள்ளை வேண்டும். அளந்து பார்த்த பள்ளிகளில் அப்படி யாரும் தேறவில்லை. அந்த, ஆட்டிட்யூட் பெண் இருக்கிறாளா?

"போடா, ஓடு" என்று பாய் வண்டிச் சாவியைத் தூக்கி எறிந்தார்.

நான் போய்ச் சேர்ந்தபோது மேஸ்திரியின் வேன் பள்ளிக்கூடத்துக்குக் கீழே நின்றுகொண்டிருந்தது. உள்ளே பாதி ஆட்கள் ஏறிவிட்டார்கள். அந்தப் பெண் பையோடு கடைசியில் நின்றாள். விஷயத்தைச் சொன்னேன். இடம் தருவார்களா என்று கேட்டாள். அதைச் சொல்லவில்லை, பதில் சொல்லத்தான் கூப்பிடுகிறார்கள் என்றேன். மேஸ்திரி ஹாரன் அடித்தார்.

"இன்னாம்மா, ஏறுறியா இல்லியா? வழியில டீக்குக்கூட நிறுத்தறதா இல்ல."

அவள் பையைத் தரையில் வைத்துத் திறந்தாள். மேலேயே கம்பளி இருந்தது. எடுத்து வேனில் உட்கார்ந்திருந்த ஒரு பெண்ணிடம் நீட்டினாள்.

"இத எங்கம்மாகிட்ட குடுத்துடுக்கா. ராத்திரியில குளிரும்னு சொல்லுச்சு."

பிறகு வகுப்பறைக்கு ஓடிப்போய்ப் புத்தகங்களை அள்ளிக்கொண்டு வந்து பையில் போட்டாள். தலைமை ஆசிரியர் இந்த வண்டியையும் ஓடிவந்து வழியனுப்பினார்.

மண்டபத்தில் சார் கோட்டு போட்டிருந்தார். திரையில் படம் காட்டினார். சீனப் பிள்ளை உயரத்தில் ஒரு கோடு, நம் பிள்ளை பள்ளத்தில் ஒரு கோடு. "ஆனால்" என்று நிறுத்திவிட்டு அவளை மேடைக்குக் கூப்பிட்டார். "நம் பயிற்சியால் இந்த மாணவி..." என்றார். எந்தப் பயிற்சி என்று அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். நான் ஒயரைப் பார்த்தேன்.

பட்டனை அழுத்தச் சொன்னார். அழுத்தினேன். அதே பெண்மணி, அதே பனி, அதே ரயில். அவர்களிடம் இருந்ததே அந்த ஒன்றுதான். பெண்மணி கேள்வியைப் பாதி படிப்பதற்குள் அவள் பதிலைச் சொன்னாள். அடுத்ததற்குக் கால்வாசியிலேயே சொன்னாள். மண்டபம் கைதட்டியது. மலையில் கேன்சல் ஆனது, கீழே இறங்கியதும் சாதனை ஆகிவிட்டது. உயரம் குறைந்ததால் இருக்கலாம்.

பணம் கொடுக்கிறவர்களில் ஒரு வயதானவர் எழுந்து, இந்தப் பெண் எங்கே தங்கிப் படிக்கிறாள் என்று கேட்டார்.

சார் கோட்டைச் சரிசெய்துகொண்டார். பிறகு, "நம்ம ஹாஸ்டல்லதான் சார்! பிளஸ் டூ வரைக்கும் நம்ம பொறுப்பு" என்றார் மைக்கில். அப்போதுவரை அது பொய். பெட்டி ஒலிபெருக்கி நன்றாகவே வேலை செய்தது. மண்டபத்தில் இருந்த எல்லோருக்கும் கேட்டுவிட்டது. அதற்குமேல் அவரால் கேன்சல் செய்ய முடியவில்லை.

எல்லோரும் சாப்பிடப் போனபின் நான் ஒயரைச் சுருட்டிக்கொண்டிருந்தேன். அவள் பையோடு பக்கத்தில் வந்து நின்றாள். முகத்தில் பெரிய சந்தோஷம் ஒன்றும் இல்லை.

"அண்ணா, அந்த டிரைவுல இங்கிலீஷ்ல வேற ஏதாவது இருக்குதா? இதயே எத்தினி வாட்டி கேக்கறது."

தேடிப் பார்த்தேன். அம்மன் பாட்டு, நாதஸ்வரம், வாக்காளப் பெருமக்களே, கண்ணீர் அஞ்சலி. "அவ்ளோதாம்மா."

"சாருகிட்ட இருக்குமா?"

"சாருகிட்டயும் அவ்ளோதான்."

அவள் தலையை ஆட்டிக்கொண்டாள். பையைத் தோளில் மாட்டினாள். அதன் ஒரு பக்கம் புத்தக முனை குத்திக்கொண்டு தெரிந்தது.

"சரி. ஹாஸ்டலு எந்தப் பக்கம்?"

அது எனக்கும் தெரியவில்லை. சாப்பாட்டுப் பந்தியில் சார் இரண்டாவது பாயசம் வாங்கிக்கொண்டிருந்தார். அவள் நேராக அவரிடம் போய் நின்றாள்.